அம்மாவின் மறதியும் செல்லுக்குள் அடைபட்ட வாசலும்

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தை நிதானமாகப் படித்தேன். அம்மாவுக்கு வந்திருப்பது அல்சைமர்தான் என்று மருத்துவர் உறுதிசெய்ததை எழுதிவிட்டு, மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். இந்த நோய்க்கு மூலகாரணம் மைட்டோகாண்ட்ரியா என்கிறார்களே, உண்மையா? மைட்டோகாண்ட்ரியா தாய்வழியாக மட்டுமே வருவதால், எனக்கும் தங்கைக்கும் இது வந்தே தீருமா? மைட்டோகாண்ட்ரியாவுக்குப் புத்துயிர் தருவதாகச் சொல்லி விற்கும் மாத்திரையை அம்மாவுக்கு வாங்கித் தரலாமா?

மறதி நோய் நுழைந்த எல்லா வீடுகளிலும் இந்தக் கேள்விகள் ஏதோ ஒரு வடிவில் எழுகின்றன. அதனால் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன். விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அல்சைமர் வந்தவர்களின் மூளையில் மைட்டோகாண்ட்ரியாவின் புரதங்கள் கெட்டுப்போவது உண்மை. அது நோயின் தொடக்கக் கட்டத்திலேயே தெரிகிறது. ஆனால் அந்தக் கேடுதான் மற்ற எல்லாவற்றுக்கும் முதல் காரணம் என்பது இன்னும் நிரூபணமாகவில்லை. அதைச் சரிசெய்து நோயை நிறுத்தும் மாத்திரை எதுவும் இன்றைக்கு இல்லை. இனி ஒவ்வொன்றாக விளக்குகிறேன்.

1906ஆம் ஆண்டு நவம்பரில் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் நடந்த மருத்துவர் கூட்டத்தில் அலாய்ஸ் அல்சைமர் ஒரு நோயாளியைப் பற்றிப் பேசினார். 1901இல் ஃபிராங்க்ஃபர்ட் மருத்துவமனையில் 51 வயதில் சேர்க்கப்பட்ட அகுஸ்தே டேட்டர் என்ற பெண்மணி அவர். அந்தப் பெண்மணி இறந்த பிறகு மூளையை நுண்ணோக்கியில் பார்த்த அல்சைமர், செல்களுக்கு வெளியே படிவுகளையும் செல்களுக்கு உள்ளே இழைச் சிக்கல்களையும் கண்டார். வெளியே இருப்பது அமிலாய்டு, உள்ளே இருப்பது டௌ என்னும் புரதம் என்று தெரியவர 1980கள் வரை ஆயிற்று. அமிலாய்டு துணுக்கை 1984இல் ஜார்ஜ் க்ளென்னரும் கெய்ன் வாங்கும் பிரித்தெடுத்தார்கள். அமிலாய்டு சேர்வதுதான் தொடக்கம், மற்றவையெல்லாம் அதன் விளைவு என்ற கருதுகோளை 1992இல் ஜான் ஹார்டியும் ஜெரால்ட் ஹிக்கின்ஸும் முன்வைத்தார்கள். அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மருந்து ஆராய்ச்சி பெரும்பாலும் அந்தப் பாதையிலேயே சென்றது.

அந்த உழைப்பு வீணாகவில்லை. 2023இல் லெகானெமாப், 2024இல் டோனானெமாப் ஆகிய மருந்துகளுக்கு அமெரிக்காவில் முழு அனுமதி கிடைத்தது. இவை மூளையில் இருக்கும் அமிலாய்டைக் கணிசமாகக் கரைக்கின்றன. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். லெகானெமாப் சோதனையில் 18 மாதங்களில் நோயின் சரிவு ஏறத்தாழ 27 சதவீதம் மட்டுப்பட்டது. அமிலாய்டு பெருமளவு நீங்கிய பிறகும் நோய் நிற்கவில்லை, வேகம்தான் குறைந்தது. அப்படியென்றால் செல்லுக்குள் வேறு ஏதோ ஒன்றும் நடந்துகொண்டிருக்கிறது. உங்கள் முதல் கேள்வியின் முக்கியத்துவம் இங்கேதான் இருக்கிறது.

நம் உடல் எடையில் மூளை ஏறத்தாழ 2 சதவீதம்தான். ஆனால் ஓய்வாக இருக்கும்போதும் உடல் செலவிடும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 சதவீதம் அதற்குப் போகிறது. தசையைப் போலவோ கல்லீரலைப் போலவோ சர்க்கரையைச் சேமித்துவைக்கும் வசதி நரம்பு செல்லுக்குக் கிடையாது. வருவதை உடனுக்குடன் எரித்து ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறாக மாற்றியாக வேண்டும். அந்த வேலையின் பெரும்பங்கைச் செய்வது மைட்டோகாண்ட்ரியா. ஒரு செல் இன்னொரு செல்லிடம் செய்தி சொல்லும் சினாப்ஸ் என்ற இணைப்பில்தான் ஆற்றல் தேவை மிக அதிகம். அல்சைமரில் முதலில் தளர்வதும் அந்த இணைப்புகளே.

நோயாளிகளுக்கு பெட் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், மூளையின் பின்நடுப் பகுதியும் பக்கவாட்டுப் பகுதிகளும் குளுக்கோஸைக் குறைவாக எடுத்துக்கொள்வது தெரியும். செல்கள் இறந்துபோனதால் தேவை குறைந்துவிட்டது என்று இதற்கு விளக்கம் சொல்லிவிடலாம். ஆனால் 1996இல் அமெரிக்காவின் அரிசோனாவில் எரிக் ரைமனும் குழுவினரும் செய்த ஆய்வு அந்த விளக்கம் போதாது என்று காட்டியது. அல்சைமர் அபாயத்தைக் கூட்டும் ஏபிஓஇ-4 மரபணுவை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றிருந்த நடுவயதினரை அவர்கள் சோதித்தார்கள். எல்லோருக்கும் நினைவாற்றல் நன்றாகவே இருந்தது. ஆனாலும் அதே பகுதிகளில் குளுக்கோஸ் பயன்பாடு குறைந்திருந்தது. மறதி தலைகாட்டப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஆற்றல் கணக்கில் குறை விழுந்துவிடுகிறது.

இனி புரதங்களுக்கு வருவோம். மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனி டி.என்.ஏ. உண்டு என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மனிதரிடம் அது 16,569 எழுத்துகள் நீளமுள்ள ஒரு சிறு வளையம். அதில் உள்ள மரபணுக்கள் 37. புரதம் செய்யக் குறிப்பு தருபவை அவற்றில் 13 மட்டுமே. ஆனால் மைட்டோகாண்ட்ரியா இயங்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்கள் வேண்டும். மற்ற அனைத்துக்கும் குறிப்பு செல்லின் கருவில், அதாவது தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்த டி.என்.ஏ.யில் இருக்கிறது. அந்தப் புரதங்கள் வெளியே தயாராகி, மைட்டோகாண்ட்ரியாவின் இரண்டு சவ்வுகளைக் கடந்து உள்ளே போக வேண்டும். வெளிச்சவ்வில் இருக்கும் வாசலின் முதன்மைப் புரதம் டாம்-40. உட்சவ்வில் இருப்பது டிம்-23. அவற்றில் பெரும்பாலானவை மடிப்பு நீங்கி, நூலைப் போல நீண்டு, இந்த வாசல்களின் வழியே நுழைகின்றன.

இந்த வாசலில் என்ன நடக்கிறது என்று பார்த்தவர்களில் முக்கியமானவர்கள் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவப் பள்ளியில் பணியாற்றிய ஹிந்துபூர் ஆனந்ததீர்த்தவரதாவும் நாராயண் அவதானியும் அவர்களுடைய குழுவினரும். அமிலாய்டு துணுக்கு ஒரு பெரிய புரதத்திலிருந்து வெட்டப்பட்டு வருவது. அந்தத் தாய்ப் புரதத்தின் பெயர் ஏ.பி.பி. அது வழக்கமாகச் செல்லின் மேற்பரப்புக்குப் போக வேண்டியது. ஆனால் அதன் தொடக்கப் பகுதியில் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போகச் சொல்லும் குறிப்பும் கலந்திருக்கிறது என்று 2003இல் இவர்கள் காட்டினார்கள். அளவுக்கு மிஞ்சி உற்பத்தியாகும்போது அது தவறி மைட்டோகாண்ட்ரியாவின் பக்கம் வருகிறது. உள்ளே நுழையத் தொடங்கும் அந்தப் புரதத்தில் அமிலத்தன்மை கொண்ட ஒரு பகுதி இருக்கிறது. அந்த இடம் வந்ததும் நகர்வு நின்றுவிடுகிறது. வீடு மாற்றும்போது பீரோ நிலைப்படியில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகச் சிக்கிக்கொண்டால், பின்னால் வரும் பாத்திரமும் படுக்கையும் தெருவிலேயே நின்றுவிடும் அல்லவா? அந்த நிலைதான்.

2006இல் இதே குழு, இறந்தவர்களின் குடும்பத்தார் தானமாகக் கொடுத்த மூளைகளில் இதைத் தேடிப் பார்த்தது. அல்சைமர் இருந்தவர்களின் மூளையில் ஏ.பி.பி. புரதம் டாம்-40, டிம்-23 வாசல்களோடு பிணைந்து சிக்கியிருந்தது. அதே வயதில் நோயின்றி இறந்தவர்களின் மூளையில் அப்படி இல்லை. வாசல் அடைபட்டதால் உள்ளே போக முடியாமல் நின்றவை எவை என்றும் அவர்கள் பார்த்தார்கள். சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதியின் இரண்டு உறுப்புகளுக்கு வழி மறிக்கப்பட்டிருந்தது. நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன் கடைசியில் போய்ச் சேர்வது அந்த நொதியிடம். எலக்ட்ரான்களை ஆக்சிஜனிடம் ஒப்படைத்துத் தண்ணீராக்குவது அதன் வேலை. அதன் செயல்திறன் குறைந்திருந்தது. செல்லைச் சேதப்படுத்தும் ஹைட்ரஜன் பெராக்சைடு கூடியிருந்தது.

இந்த நொதியின் தளர்ச்சி அதற்கு முன்பே தெரிந்த செய்திதான். 1990இல் டேவிஸ் பார்க்கர் அல்சைமர் நோயாளிகளின் ரத்தத் தட்டணுக்களிலேயே இது குறைந்திருப்பதைக் கண்டார். மூளைக்கு வெளியே, ரத்தத்திலும் அந்தக் குறை தெரிந்தது பலரை நிமிர்ந்து பார்க்க வைத்தது. 2008இல் வெளியான இன்னொரு ஆய்வு, மூளையின் பின்நடுப் பகுதியில் இருந்த நரம்பு செல்களைத் தனித்தனியே எடுத்து ஆராய்ந்தது. எலக்ட்ரான் கடத்தும் தொடருக்கான, கருவில் இருக்கும் மரபணுக்களில் ஏறத்தாழ 70 சதவீதம் அவற்றில் மந்தமாக இருந்தன. வாசலில் அடைப்பு ஒரு பக்கம், உள்ளே போக வேண்டிய சரக்கே குறைந்துபோவது இன்னொரு பக்கம்.

மூன்றாவது வகை மாற்றம், உள்ளே போய்ச் சேர்ந்த புரதங்களே கெடுவது. எலக்ட்ரான்கள் வழியில் கசிந்தால் வீரியமிக்க ஆக்சிஜன் துகள்கள் பிறக்கின்றன. அவை சவ்வின் கொழுப்பைத் தாக்க, சிதைந்த கொழுப்பின் துண்டுகள் புரதங்களில் போய் ஒட்டிக்கொள்கின்றன. கென்டக்கி பல்கலைக்கழகத்தின் ஆலன் பட்டர்ஃபீல்டு இப்படிக் கறைபட்ட புரதங்களை ஒவ்வொன்றாக அடையாளம் காண்பதையே தம் வாழ்நாள் பணியாகக் கொண்டவர். ஏ.டி.பி.யைத் தயாரிக்கும் ஏ.டி.பி. சின்தேஸ் நொதியே அந்தப் பட்டியலில் இருக்கிறது. லேசான மறதி மட்டுமே இருந்தவர்களின் மூளையிலும் அது அப்படிக் கெட்டிருந்தது.

நான்காவதாக, அமிலாய்டு துணுக்கே மைட்டோகாண்ட்ரியாவுக்குள் புகுந்துவிடுகிறது. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா ஆய்வகம் 2008இல், அது டாம் வாசல் வழியாகவே உள்ளே போய் உட்சவ்வின் மடிப்புகளில் தங்குவதைக் காட்டியது. உள்ளே போனதும் அது சில புரதங்களைப் பற்றிக்கொள்கிறது. சைக்ளோஃபிலின் டி அவற்றில் ஒன்று. சவ்வில் ஓட்டை விழச் செய்யும் புரதம் அது. ஷி டு யான் தலைமையிலான குழு அந்தப் புரதம் இல்லாத எலிகளை உருவாக்கியபோது, அமிலாய்டு இருந்தும் அவற்றின் நரம்பு செல்களும் நினைவாற்றலும் அவ்வளவாகப் பாதிக்கப்படவில்லை. இந்த முடிவும் 2008இல்தான் வந்தது.

இவற்றோடு, மைட்டோகாண்ட்ரியா பிரிவதையும் இணைவதையும் நிர்வகிக்கும் புரதங்களின் சமநிலை குலைகிறது. டிஆர்பி-1 என்னும் பிரிக்கும் புரதம் மிகையாக வேலை செய்ய, மைட்டோகாண்ட்ரியா துண்டு துண்டாகிறது. ஹேமச்சந்திர ரெட்டியின் குழு இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறது. பழுதான மைட்டோகாண்ட்ரியாவைச் செல் தானே விழுங்கி அகற்றும் ஏற்பாடும் தளர்கிறது. 2019இல் அமெரிக்க தேசிய முதுமை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் நார்வேயின் இவாண்ட்ரோ ஃபாங்கும் இந்த அகற்றும் வேலையைப் புழுக்களிலும் எலிகளிலும் தூண்டிப் பார்த்தார்கள். அமிலாய்டும் குறைந்தது, டௌ மாற்றமும் குறைந்தது, நினைவாற்றலும் தேறியது.

இவ்வளவு சான்று இருந்தும் மைட்டோகாண்ட்ரியாவை முதல் காரணம் என்று ஏன் சொல்லக்கூடாது? அப்படிச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். ரஸ்ஸல் ஸ்வெர்ட்லோவும் ஷஹர்யார் கானும் 2004இல், முதுமையில் வரும் அல்சைமருக்குத் தொடக்கப்புள்ளி மைட்டோகாண்ட்ரியாவின் தேய்மானம்தான், அமிலாய்டு அதன் பின்விளைவு என்று எழுதினார்கள். மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. நீக்கப்பட்ட செல்களில் நோயாளிகளின் தட்டணுக்களை இணைத்தபோது நொதியின் குறையும் கூடவே வந்ததை அவர்கள் சான்றாகக் காட்டினார்கள். எதிர்ப்பக்கமும் வலுவானது. ஏ.பி.பி., பிரெசினிலின் மரபணுக்களில் பிழை உள்ள சில குடும்பங்களில் நாற்பது, ஐம்பது வயதிலேயே நோய் வருகிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களிடம் ஏ.பி.பி. மரபணுவைத் தாங்கிய 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கிறது. அவர்களுக்கும் இளவயதிலேயே இந்தப் படிவுகள் தோன்றுகின்றன. இங்கே தொடக்கம் அமிலாய்டுதான் என்பதை மறுக்க முடியாது.

என் தீர்ப்பு இது. அமிலாய்டு மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுக்கிறது. கெட்ட மைட்டோகாண்ட்ரியா அமிலாய்டு உற்பத்தியைக் கூட்டுகிறது. இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும் வட்டம் இது. சிலருக்கு அமிலாய்டின் பக்கமிருந்து தொடங்குகிறது. முதுமையில் நோய் வரும் பெரும்பாலானோருக்கு வயதும், சர்க்கரை நோயும், ரத்தக்குழாய்களின் கேடும் ஆற்றல் பக்கத்தைத்தான் முதலில் தளர்த்துகின்றன என்று நினைக்க இடமிருக்கிறது. ஒன்றை மட்டும் குற்றவாளியாக்கி மற்றதை விடுவிப்பது அறிவியல் ஆகாது. அப்படி ஒரே காரணத்தைச் சொல்லும் யாரையும் நம்பாதீர்கள்.

இரண்டாவது கேள்விதான் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று எழுத்திலிருந்தே தெரிகிறது. 2007இல் லிசா மோஸ்கோனி குழுவினரின் ஆய்வில், தாய்க்கு அல்சைமர் இருந்த பிள்ளைகளிடம், நினைவாற்றல் நன்றாக இருந்தபோதே, மூளையின் குளுக்கோஸ் பயன்பாடு குறைந்திருந்தது. தந்தைக்கு நோய் இருந்தவர்களிடம் அந்தக் குறை அப்படித் தெரியவில்லை. உங்கள் அச்சத்தின் வேர் இப்படிப்பட்ட ஆய்வுகள்தான். ஆனால் அதிலிருந்து 'வந்தே தீரும்' என்ற முடிவுக்குப் போக வழியே இல்லை. அல்சைமரை நிச்சயமாகக் கொண்டுவரும் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. பிழை எதுவும் உறுதிசெய்யப்படவில்லை. மேலே சொன்னதுபோல, மைட்டோகாண்ட்ரியாவின் புரதங்களில் 13 தவிர மற்றவை இரு பெற்றோரின் மரபணுவாலும் தீர்மானிக்கப்படுபவை. ஏ.பி.பி., பிரெசினிலின் பிழைகள் வம்சத்தில் இறங்குபவைதான். அவை மொத்த நோயாளிகளில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானவர்களிடமே உண்டு. தந்தை வழியிலும் அவை வரும். அம்மாவுக்கு முதுமையில் வந்த நோயால் உங்கள் அபாயம் சற்றுக் கூடியிருக்கலாம், அவ்வளவுதான். தாய் தனக்குத் தந்த உயிரின் கூடவே நோயையும் தந்துவிட்டாள் என்ற எண்ணம் எந்தப் பிள்ளையின் மனதிலும் இருக்க வேண்டாம். அதற்கு ஆதாரம் இல்லை.

மூன்றாவது கேள்வி, மாத்திரை. நம்பிக்கை எப்படி எழுந்து எப்படி விழுந்தது என்பதற்கு டைம்பான் ஓர் எடுத்துக்காட்டு. ரஷ்யாவில் ஒவ்வாமைக்குப் பயன்பட்ட பழைய மருந்து அது. மைட்டோகாண்ட்ரியாவைக் காக்கிறது என்று கருதப்பட்டது. 2008இல் ரஷ்ய நோயாளிகளிடம் நடந்த சோதனை வியக்கவைக்கும் பலனைக் காட்டியது. 2010இல் பெரிய அளவில் மறுபடி சோதித்தபோது வெற்று மாத்திரைக்கும் அதற்கும் வேறுபாடே இல்லை. 2012இல் வெளியான இன்னொரு சோதனையில் நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு கோஎன்சைம் கியூ கொடுத்தார்கள், இன்னொரு பிரிவினருக்கு வைட்டமின் ஈ, வைட்டமின் சி, ஆல்ஃபா லிப்போயிக் அமிலம் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்தார்கள். தண்டுவட நீரில் உள்ள அமிலாய்டு, டௌ அளவுகள் எதிலும் மாறவில்லை. மூன்றும் சேர்த்துச் சாப்பிட்டவர்களிடம் நினைவாற்றல் சோதனை மதிப்பெண் வேகமாகச் சரிந்தது. 2014இல் ஒரு சோதனையில் அதிக அளவு வைட்டமின் ஈ அன்றாடச் செயல்களில் ஏற்படும் சரிவைச் சற்று மட்டுப்படுத்தியது உண்மைதான். நினைவாற்றல் தேறவில்லை. அந்த அளவு ரத்தக்கசிவு அபாயம் கொண்டது. மருத்துவர் சொல்லாமல் தொடக் கூடாது. நீங்கள் அனுப்பிய விளம்பரத்தில் மாதுளம்பழச் சத்து என்று போட்டிருக்கிறார்கள். மாதுளையில் உள்ள பொருள்களைக் குடல் பாக்டீரியா மாற்றித் தரும் யூரோலித்தின் ஏ, அல்சைமர் எலிகளுக்குப் பலன் தந்திருக்கிறது. எலிக்குப் பலித்த எத்தனையோ மருந்துகள் மனிதரிடம் பலிக்கவில்லை. மாதுளம்பழம் நல்ல பழம். அம்மாவுக்குப் பிடித்தால் உரித்துக் கொடுங்கள். மருந்து என்று நினைத்துக் கொடுக்காதீர்கள்.

அப்படியானால் செய்யக்கூடியது என்ன? நிறைய இருக்கிறது. 2024இல் லான்செட் ஆணையம், மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகில் மறதி நோய்களில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று கணித்தது. உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், கெட்ட கொழுப்பு, புகை, மது, உடல் உழைப்பின்மை, கவனிக்காமல் விட்ட காது கேளாமை, பார்வைக் குறை, மனச்சோர்வு, தனிமை, காற்று மாசு, கல்வியின்மை போன்றவை அதில் அடங்கும். இவற்றில் பல நேரடியாக மைட்டோகாண்ட்ரியாவைத் தொடுபவை. நடக்கும்போதும் உழைக்கும்போதும் தசையில் பிஜிசி-1 ஆல்ஃபா என்ற புரதம் தூண்டப்பட்டுப் புதிய மைட்டோகாண்ட்ரியா உருவாகிறது. விலங்குகளின் மூளையிலும் இது நடப்பதைப் பார்த்திருக்கிறார்கள். உங்களுக்கும் தங்கைக்கும் நான் சொல்லக்கூடிய மருந்து இதுதான். தினமும் நடங்கள். சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் நாற்பது வயதிலிருந்தே கட்டுக்குள் வையுங்கள்.

அம்மாவுக்கு வைட்டமின் பி12, தைராய்டு இரண்டையும் பார்த்தார்களா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அல்சைமரோடு இவையும் சேர்ந்திருந்தால் மறதி இன்னும் கூடித் தெரியும். இவற்றைச் சரிசெய்ய முடியும். அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டியலையும் காட்டுங்கள். தூக்கத்துக்கும் ஒவ்வாமைக்கும் கொடுக்கப்படும் சில மாத்திரைகள் குழப்பத்தைக் கூட்டும். ஒரே கேள்வியை அம்மா திரும்பத் திரும்பக் கேட்கும்போது, வேண்டுமென்றே செய்கிறார் என்று வீட்டில் யாரும் கோபப்பட வேண்டாம். ஆற்றல் தீர்ந்துபோன செல்களை வைத்துக்கொண்டு அவர் உங்களைப் புரிந்துகொள்ள முயல்கிறார். அந்த முயற்சி நம் மரியாதைக்கு உரியது. பார்த்துக்கொள்ளும் சுமை முழுவதும் ஒரு பெண்ணின் தலையில் விழாமல் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளுங்கள். கேரளத்தில் 1992இல் தொடங்கிய இந்திய அல்சைமர் சங்கத்துக்குப் பல நகரங்களில் கிளைகள் உண்டு. அங்கே உங்களைப் போன்ற குடும்பங்களைச் சந்திக்கலாம்.

மைட்டோகாண்ட்ரியாவின் வாசலில் சிக்கிய புரதத்தை விடுவிக்கும் வழியை ஆய்வகங்கள் தேடிக்கொண்டிருக்கின்றன. அது கிடைக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதுவரை, அந்த மாத்திரைக்கு மாதாமாதம் ஒதுக்கவிருந்த பணத்தை அம்மாவின் காதுப் பரிசோதனைக்கும், கண்ணாடிக்கும், வாரத்தில் இரண்டு நாளாவது வீட்டில் துணைக்கு ஒரு ஆள் வைப்பதற்கும் செலவிடுங்கள். அம்மாவுக்கு அதில் உண்மையான பலன் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்